கன அடி

வெள்ளி இரவு பத்தரை.
குக்கரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு
கைபேசியில் அணைகளைப் பார்க்கிறேன்.
கிருஷ்ணராஜ சாகரில் இருந்து ஆறாயிரத்து நூறு,
கபினியில் இருந்து இரண்டாயிரத்து எழுநூறு.
மளிகை பில்லின் முதுகில் கூட்டுகிறேன்.
ஐயாயிரம் என்றால் துடுப்புப் போடலாம்,
பத்தாயிரம் என்றால் வீட்டில் இருக்கலாம்.
நடுவில் வருவதற்கு
எங்களில் யாரும் விதி எழுதி வைக்கவில்லை.

மொட்டை மாடியில், சின்டெக்ஸ் தொட்டிக்குப் பக்கத்தில்
கவிழ்ந்து கிடக்கிறது என் படகு, ஆரஞ்சு நிறம்.
"ஸ்ரீராம்புரத்தில் எதற்கம்மா படகு?" என்று
வீட்டுக்காரர் ருக்மாங்கதா கேட்டபோது
"பெருமழைக்கு உங்களுக்கும் உதவும்" என்றேன்.
அவர் சிரிக்கவில்லை.
வாடகையில் இருநூறு ஏற்றினார்.

இந்த எண்ணோடு எனக்குப் பழைய பழக்கம் உண்டு.
ஒரு செப்டம்பரில் எல்லாச் சேனல்களிலும் இதைக் கத்தினார்கள்.
மத்தியானமே ஷட்டர்கள் இறங்கின.
ஓசூரில் இருந்து வந்து மாட்டிக்கொண்ட அத்தானின் வண்டியில்
நம்பர் பிளேட்டின் மேல் ஒரு துண்டைக் காயப்போட்டோம்.
மூன்று நாளாகக் காயாத துண்டு.
அப்போது அது வெறும் இத்தனை ஆயிரம் கன அடி.
அதற்குள் பாறை இருக்கிறதா, சுழல் இருக்கிறதா,
எங்கே திரும்புகிறது என்று
ஒருவரும் கேட்கவில்லை.
நானும்தான்.

போன முறை எண் சரியாகத்தான் இருந்தது.
காலையில் திறந்த தண்ணீரின் எண்.
எங்களிடம் வந்து சேர்ந்ததோ
முந்தின நாள் கிளம்பிய தண்ணீர்.
நசீமாவின் படகு ஒரு மரத்தைக் கட்டிக்கொண்டது,
நசீமா இன்னொரு மரத்தை.
கயிறு போய்ச் சேரும்வரை இருபது நிமிடம்
அந்த மரத்திடம் உருதுவில் பேசிக்கொண்டிருந்தாள்.
அதற்குப் பிறகுதான்
சித்தலிங்குவின் நம்பரைச் சேமித்துக்கொண்டேன்.

சங்கமத்தில் டீக்கடை.
பாதித் தமிழ், பாதிக் கன்னடம்,
பாக்கி கேட்கும்போது மட்டும் முழுக் கன்னடம்.
கன அடி அவருக்குத் தெரியாது. ஒரு கல் தெரியும்.
எருமை படுத்த மாதிரி, கரையில் இருந்து நாற்பது முழம் தள்ளி.
முதுகு தெரிந்தால் படகோடு வா.
கொம்பு மட்டும் தெரிந்தால் டீ குடிக்க வா.

பதினொன்று பத்துக்குக் கூப்பிட்டேன்.
பார்த்துச் சொல்கிறேன் என்று
போனை வைக்காமலே நடந்தார்.
செருப்புச் சத்தம். ஒரு நாய்.
அப்புறம் அகலமாக ஒரு சத்தம்,
கைபேசியின் சின்னக் காதுக்குள் கொள்ளாதது.
"எம்மே காணோம் மேடம்.
அர்க்காவதி வேற நுரையோட வருது,
உங்க ஊர்த் தண்ணி."

எங்க ஊர்த் தண்ணிதான்.
குழாயில் ஏறி, மேடேறி, நூறு கிலோமீட்டர் வந்து,
நான் குக்கர் கழுவி விட்டதும்
சாக்கடையோடு கீழிறங்கி
எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருக்கிறது,
லைஃப் ஜாக்கெட் இல்லாமல்.

எல்லோருக்கும் அனுப்பினேன்: நாளை இல்லை.
சுமுகா திட்டினான். மேனேஜரிடம்
காய்ச்சல் என்று சொல்லியாகிவிட்டதாம்.
எட்டாயிரத்து எண்ணூறுதானே என்றான்.
ஆமாம், ஆனால் எருமை இல்லை என்றேன்.
நசீமா பதில் எழுதவில்லை,
ஒரு மரத்தின் படம் அனுப்பினாள்.

நாலு மணிக்குத் தெருமுனையில் வால்வைத் திருகும் ஓசை.
சனிக்கிழமை எங்கள் தெருவின் முறை.
நைட்டியும் டார்ச்சுமாக இறங்கி
சம்ப் மூடியைத் தூக்குகிறேன்.
குழாய் முதலில் இருமுகிறது,
காற்றைத் துப்புகிறது,
பிறகு கட்டைவிரல் தடிமனில் காவிரி.

போன முறை உடைந்த துடுப்பின் காம்புதான்
இப்போது என் அளவுகோல்.
அரை மணி கழித்து உள்ளே விட்டு எடுத்து
ஈரத்தைக் கையால் அளக்கிறேன்.
ஒன்றரை ஜாண்.
போர்வைகளைத் துவைத்துவிடலாம்.